வலது கையைக் கொடுக்காத ஹுல்டா

எங்கள் ஊரில் மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் சொல்வதுதான் வழக்கம். ஹுல்டா ரோஸ்பாக் ஒருத்திக்கு மட்டும் எலும்பு. பெர்லினிலும் புடாபெஸ்டிலும் இருந்த டாக்டர்கள் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவளுடைய இடது கை எலும்புகளைக் கணுக்கணுவாக அவரவர் மேஜைமேல் வைத்திருந்தார்கள். லாங்குத் கண்ணாடிப் பட்டறையின் விலைப்பட்டியல் அட்டையில் அந்தக் கைதான் அச்சாகியிருந்தது. கீழே ஒரு வரி: 'எங்கள் எக்ஸ்ரே குழாய் ஒவ்வொன்றும் உயிருள்ள கையால் சோதிக்கப்பட்டது.' கைக்குச் சொந்தக்காரியின் பெயர் அதில் இல்லை. இடம் போதவில்லை என்றார் முதலாளி லாங்குத். முதலாளியின் பெயருக்கு அதே அட்டையில் மூன்று இடத்தில் இடம் கிடைத்திருந்தது.

ஹுல்டா பொம்மைக்குக் கண் செய்யும் வீட்டில் பிறந்தவள். ஜெர்மன் நாட்டின் டூரிங்கியக் காட்டுப் பகுதியில் அது கௌரவமான தொழில். அப்பா கண்ணாடியை ஊதி விழி செய்வார். பிள்ளைகள் உட்கார்ந்து நீலத்துக்கு நீலம், பழுப்புக்குப் பழுப்பு என்று ஜோடி சேர்ப்பார்கள். பிறந்ததிலிருந்து ஆயிரக்கணக்கான கண்கள் தன்னையே முறைத்துக்கொண்டிருக்க வளர்ந்ததால், பிற்காலத்தில் யார் முறைத்தாலும் அவள் சட்டை செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாவிட்டால் கேள்வி தப்பு என்பாள். பிரம்படி வாங்கின பிறகும் கேள்வி தப்புதான் என்பாள்.

அவளைக் கட்டிக்கொண்டவன் எவால்ட். லாங்குத் பட்டறையில் குழாய் ஊதுகிறவன். ஊதுவதற்கு மூச்சு வேண்டுமே என்று பேச்சில் சிக்கனம் பிடிப்பான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஹுல்டா பேசிவிடுவதால் குடும்பத்தில் குறை எதுவும் இருக்கவில்லை.

எக்ஸ்ரே வந்த கதை சுருக்கமானது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர், மூடிய பெட்டிக்குள் இருக்கிற சாவியையும் மூடிய உடம்புக்குள் இருக்கிற எலும்பையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்று செய்தித்தாளில் வந்தது. அந்தக் கதிரை உண்டாக்கக் காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய் வேண்டும். கண்ணாடி ஊதுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஊர் எங்களுடையது. பனி உருகுவதற்குள் பாதி ஊர், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் கண்ணாடிக் குண்டுகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு அறிவியலுக்குத் தொண்டு செய்யக் கிளம்பிவிட்டது.

ஊதி முடித்த குழாய் என்ன பக்குவத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமே. அதற்குக் கருவி கிடையாது, கை உண்டு. இருட்டறையில் குழாய்க்கு மின்சாரம் கொடுத்து, எதிரில் ஒளிரும் திரையைப் பிடித்து, நடுவில் கையை நீட்ட வேண்டும். கை மொத்தமும் கருப்பாக விழுந்தால் குழாய் இளசு. எலும்பும் வெளுத்துப் போய்த் தெரிந்தால் முத்தல். சதை மங்கி எலும்பு மட்டும் கருகருவென்று நின்றால் அதுதான் பதம். சந்தையில் முள்ளங்கியை நகத்தால் கீறிப் பார்த்து வாங்குவதில்லையா, அதேதான். ஒரே வித்தியாசம், சந்தையில் கீறல் முள்ளங்கிக்கு.

ஹுல்டாவின் விரல்கள் நீளமாக, மெலிவாக, படம் எடுத்தால் அழகாக விழுகிற விரல்கள். லாங்குத் அவளைத் தேர்ந்தெடுத்தார். அவளுக்கும் பெருமை பிடிபடவில்லை.

"இந்த ஊர்ல தன் எலும்பைத் தானே பாத்தவ நான் ஒருத்திதான்" என்று ரொட்டிக் கடையில் நின்று சொல்வாள். "நீங்கள்லாம் செத்தப்புறம்தான் எலும்பாவீங்க. அப்பவும் வேற எவனாவதுதான் பாப்பான்."

காலையிலிருந்து சாயங்காலம் வரை இருட்டறையில் கையை நீட்டி, "இளசு", "முத்தல்", "பதம்" என்று கூவுவதுதான் வேலை. உட்கார்ந்து செய்கிற வேலை, அடுப்புச் சூடு இல்லை, புகை இல்லை. பட்டறையில் மற்ற பெண்கள் பொறாமைப்பட்டார்கள்.

முதலில் கை சிவந்தது, வெயிலில் வாட்டின மாதிரி. வெயிலே எட்டிப் பார்க்காத ஜனவரி மாதம் அது. பிறகு அரித்தது. நகங்கள் வரி வரியாகப் பிளந்து, ஒவ்வொன்றாகக் கழன்றன. தோல் பழைய பூட்ஸ் தோலைப் போலத் தடித்து, மரு முளைத்து, வெடித்தது. கடைசியில் நடுவிரலில் ஒரு புண் வந்து, போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. தலையணைமேல் கையை வைத்தால் தலையணையே குத்துகிறது என்பாள்.

காரணம் சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. சலவைக் காரம் என்றார் முதலாளி. நரம்புத் தளர்ச்சி, பெண்களுக்கு வருவதுதான் என்றார் ஊர் டாக்டர் ஹெர்புஸ்ட். தற்பெருமை என்றாள் பாதிரியார் மனைவி. கதிராக இருக்குமோ என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. கதிருக்குச் சூடு இல்லை, வாசனை இல்லை, பட்டால் உறைப்பதில்லை. அதைவிட முக்கியம், ரஷ்யாவிலிருந்து பெரிய ஆர்டர் வந்திருந்தது.

கொஞ்ச காலம் ஹுல்டாவும் காரம் என்றே சொல்லிக்கொண்டு திரிந்தாள். தன் எலும்பைக் காட்டித் தன்னைப் பெரிய மனுஷி ஆக்கிய கதிரைப் பழி சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை, துணி மூட்டையைத் தூக்கி எவால்ட் முன்னால் போட்டாள்.

"இனி நீ துவை. காரம்தானான்னு பாத்துடுவோம்."

எவால்ட் துவைத்தான். ஆண்பிள்ளை ஒருவன் பாவாடையைப் பிழிந்து கொடியில் போடுவதைப் பார்க்கத் தெருவே திரண்டது. "என்ன எவால்ட், அடுத்தது பாலும் குடுப்பியா?" என்று பக்கத்து வீட்டுக்காரன் கேட்டான். எவால்ட் மூச்சை மிச்சம் பிடித்தான். குளிர்காலம் போய், வசந்தம் போய், எவால்டின் கை வெள்ளை வெளேரென்று ஆயிற்று. ஹுல்டாவின் கை இன்னும் மோசமாயிற்று. இதை டாக்டர் ஹெர்புஸ்டிடம் சொன்னபோது அவர் மிகவும் யோசித்து, "அது பழைய காரத்தோட வேலை" என்றார்.

கடைசியில் ஜெனாவில் ஓர் அறுவை மருத்துவர் நடுவிரலையும் மோதிர விரலையும் அடியோடு எடுத்தார். மயக்கம் தெளிந்ததும் ஹுல்டா கேட்ட முதல் கேள்வி:

"என் விரல் எங்க?"

"எடுத்தாச்சும்மா. இனிமே வலி குறையும்."

"எடுத்தது தெரியுது. எங்க வச்சிருக்கீங்க?"

"அதை எதுக்குக் கேக்குறீங்க? அதெல்லாம் நாங்க அப்புறப்படுத்திடுவோம்."

"என் விரல் அது. நான் சோறு போட்டு வளத்தேன். குடுங்க."

மருத்துவர் மரியாதை தெரிந்தவர். இப்படி ஒரு கோரிக்கையை மறுப்பதற்கு அவர் படித்த புத்தகங்களில் வழி சொல்லப்படவில்லை. ஒரு ஜாடியில் போட்டுக் கொடுத்தார். ஹுல்டா அதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் ஊர் திரும்பினாள். எதிரில் இருந்த அம்மாள், ஊறுகாயா என்று விசாரித்தாளாம். வீட்டில் போட்டதுதான் என்றாளாம் ஹுல்டா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலாளி லாங்குத் தானே வீடு தேடி வந்தார், பிளம்ஸ் கேக்கோடு. முதலாளி கேக்கோடு வந்தால் எங்கள் ஊரில் எல்லோரும் முதலில் கதவைப் பூட்டிக்கொள்வார்கள். எவால்ட் திறந்துவிட்டான்.

"எப்படி இருக்க ஹுல்டா? பட்டறையே உன்னைத்தான் கேக்குது."

"பட்டறைக்கு வாய் வந்துருச்சா முதலாளி?"

லாங்குத் சிரித்தார். பிறகு மெதுவாக, "திங்கட்கிழமை வந்துடு. வலது கை நல்லாத்தானே இருக்கு" என்றார்.

ஹுல்டா கேக்கை எடுக்கப் போன வலது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இது எனக்கு வேணும்."

"யார் எடுத்துக்கறா? சும்மா நீட்டறதுதானே. காரத்துல மட்டும் வைக்காதே."

"சும்மா நீட்டறதுதான்னா உங்க கையை நீட்டுங்களேன். உங்களுக்கு ரெண்டு இருக்கு. எனக்கு ஒண்ணரைதான்."

"எனக்குக் கணக்கு வழக்கு, கையெழுத்து, ஆயிரம் வேலை இருக்கு ஹுல்டா."

"எனக்கும் உருளைக்கிழங்கு இருக்கு, சட்டைப் பொத்தான் இருக்கு, இந்த மனுஷனை அப்பப்போ ஒரு அறை விட வேண்டியிருக்கு. கையில்லாம முடியாது."

எவால்ட் ஆமென்று தலையசைத்தான்.

லாங்குத்தின் முகத்திலிருந்து கேக்கின் இனிப்பு இறங்கிவிட்டது. "அப்போ வைக்கோல் கொட்டகைக்குப் போ. குழாயை வைக்கோல்ல சுத்திப் பெட்டியில அடுக்கு. சோதனைக்கு வேற கை பாத்துக்கறேன். உன் தங்கச்சி மகள் விரலும் நீளமாத்தான் இருக்கு."

கதவு சாத்தின பிறகு ஹுல்டா முதலாளியைத் திட்டக்கூட இல்லை. எவால்ட் பயந்துபோனான். பிறகு அவள் அலமாரியிலிருந்து ஜாடியை இறக்கினாள்.

"எவால்ட், மெழுகு இருக்கா?"

விரல்களை வேகவைத்துச் சதையைக் கழித்து, எலும்புகளை ஒரு சுருட்டுப் பெட்டி மூடியில் வரிசை தப்பாமல் ஒட்டி, மேலே சதையின் கனத்துக்கு மெழுகு ஊற்றி, ஒரு துடைப்பக் கம்பின் நுனியில் கட்டினார்கள். வேகவைத்தது எவால்ட். சமையலறை ஜன்னல் அதற்குப் பிறகு ஒரு வாரம் திறந்தே இருந்தது. திங்கட்கிழமை ஹுல்டா அந்தக் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஊர் பார்க்கப் பட்டறைக்கு நடந்தாள்.

"இதென்ன கண்றாவி?" என்றார் லாங்குத்.

"என் விரல்தான் முதலாளி. இந்த வேலைக்கு நல்லாப் பழகினது. நீங்க புதுசா யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்."

இருட்டறையில் தள்ளி நின்று அதைத் திரைக்கு முன்னால் பிடித்துக் காட்டினாள். இளசு இளசாகவே தெரிந்தது, முத்தல் முத்தலாகவே தெரிந்தது. லாங்குத் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை, வியாபாரி.

"பட்டியல்ல உயிருள்ள கைன்னு போட்டிருக்கோம். வாங்கறவங்க அதுக்குத்தான் வர்றாங்க. செத்த விரலைக் காட்டினா நம்மளை என்னன்னு நினைப்பாங்க?"

"விரல் செத்தது உங்க அறையிலதான்னு நினைப்பாங்க."

நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு ஓர் ஏற்பாடு ஆயிற்று. ஜூன் மாதம் லைப்சிக் நகரில் எக்ஸ்ரேக்காரர்களின் கண்காட்சி. ஹுல்டா அங்கே வந்து வாங்குகிறவர்கள் முன்னால் குழாயைச் சோதித்துக் காட்ட வேண்டும். அவர்கள் இந்த எலும்புக் கட்டையை ஒப்புக்கொண்டால் இனிக் கட்டைதான், இருட்டறை வேலையும் அவளுடையது. ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த இடத்திலேயே வலது கையை நீட்ட வேண்டும், இல்லையென்றால் தங்கை மகள் நீட்டுவாள். இன்னொரு நிபந்தனை: இடது கையில் எப்போதும் கையுறை. யாராவது கேட்டால், சலவைக் காரம்.

"சரி" என்றாள் ஹுல்டா. அவள் சரி என்று சொன்னதைக் கேட்டு எவால்டே திரும்பிப் பார்த்தான்.

லைப்சிக்கில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு விடுதிக்குப் போனார்கள். கூடம் நிறைய எக்ஸ்ரேக்காரர்கள்: டாக்டர்கள், பொறியாளர்கள், கருவி விற்பவர்கள். பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் ஜூன் மாதப் புழுக்கத்தில் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பரிமாறுகிறவன் மேஜை மேஜையாகப் போய், "பன்றி வறுவல் இன்னைக்கு அருமையா இருக்குங்க" என்று சொல்லிப் பார்த்தான். எல்லோரும் சூப் கேட்டார்கள். கத்தி பிடிக்க வேண்டிய பதார்த்தம் எதையும் ஒருவரும் கேட்கவில்லை. அறிவியல் வளர வளரப் பல் போய்விடுமோ என்று பரிமாறுகிறவன் கவலைப்பட்ட மாதிரி இருந்தது.

ஹுல்டா சுற்றிலும் ஒரு முறை பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கு வறுவல் குடுப்பா. வெட்டியே குடு. இந்தக் கைக்கு முள்ளுக்கரண்டி பிடிக்க வராது."

லாங்குத் மேஜைக்கு அடியில் எட்டி உதைத்தார். உதை எதிரே இருந்த ஹாம்பர்க் டாக்டர் ப்ரேமரின் காலில் விழுந்தது. ப்ரேமர் மிகப் பெரிய டாக்டர். அவருக்கு இடது பக்கம் மட்டும் தாடி இருந்தது.

"அம்மா, கைக்கு என்ன?" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

"சலவைக் காரம்னு சொல்லச் சொல்லியிருக்காரு முதலாளி. உங்களுக்கு?"

"எனக்கா? எனக்கு ஒண்ணுமில்லையே."

"அப்புறம் ஏன் சூப்பு?"

"வயிறு சரியில்ல."

"தாடியில மீதி?"

ப்ரேமர் கொஞ்சம் யோசித்தார். "ரயில்ல ஜன்னல் ஓரம் உக்காந்து வந்தேன். காத்து."

"போட்டோ கழுவுற மருந்து" என்றார் அடுத்த மேஜையிலிருந்து ஒருவர், யாரும் கேட்காமலே. "எனக்குப் பனிக்கடி" என்றார் அவருக்கும் அடுத்தவர்.

"ஜூன் மாசத்துலயா?"

"பழைய பனி."

"எங்க ஊர்ப் பழைய காரம் மாதிரி" என்றாள் ஹுல்டா. வறுவல் வந்தது. முள்ளுக்கரண்டியை வலது கையில் பிடித்து நிதானமாகச் சாப்பிட்டாள். கூடத்தில் சூப் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் ப்ரேமர் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பரிமாறுகிறவனைக் கூப்பிட்டார்.

"எனக்கும் வறுவல். வெட்டியே கொண்டு வாப்பா."

சாப்பாட்டுக்குப் பிறகு கண்காட்சி மண்டபத்தில் திரை இழுத்து இருட்டாக்கினார்கள். லாங்குத் பேசினார். ஜெர்மன் கண்ணாடியின் மேன்மை, மனித குலம், முன்னேற்றம் எல்லாம் வந்தன. கடைசியில், "இதோ, உலகப் புகழ்பெற்ற உயிருள்ள கை" என்றார்.

குழாய் பச்சையாக ஒளிர்ந்தது. ஹுல்டா துடைப்பக் கம்பை நீட்டினாள். திரையில் இரண்டு விரல் எலும்புகள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் கையே இல்லை.

"என்னங்க இது? உயிருள்ள கைன்னுதானே சொன்னீங்க" என்று இருட்டிலிருந்து ஒரு குரல். "அதைப் பாக்கத்தானே வந்தோம்" என்று இன்னொன்று. "வலது கையைக் காட்டச் சொல்லுங்க." கூட்டம் முணுமுணுத்தது. லாங்குத் ஹுல்டாவின் காதருகே வந்து, "பேசினபடி செய். கையை நீட்டு" என்றார்.

ஹுல்டா கம்பை ஒரு நாற்காலியில் செருகி நிறுத்தினாள். வலது கையை இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனின் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"உயிருள்ள கைதானே வேணும்? குழாய்க்கு முன்னாடி இடம் காலியா இருக்கு. கதிர் ஒண்ணும் செய்யாதுன்னு சொல்றவங்க யாராவது ஒருத்தர் வாங்க. கையுறையைக் கழட்டிட்டு வாங்க. நான் விளக்கைப் போடச் சொல்றேன், எல்லாரும் பாக்கட்டும்."

மண்டபத்தில் எத்தனையோ கைகள் இருந்தன. பல நாடுகளின் அரசர்கள் குலுக்கிய கைகள்கூட இருந்தன. ஒன்றும் வரவில்லை. குழாய் தன்பாட்டுக்கு ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

"முதலாளி, நீங்க?" என்றாள் ஹுல்டா.

லாங்குத் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். இருட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தார். அதைக் காட்டிக்கொடுக்கக் குழாயின் பச்சை வெளிச்சம் போதுமானதாக இருந்தது.

அப்போது முன் வரிசையில் டாக்டர் ப்ரேமர் எழுந்தார். விளக்கைப் போடச் சொன்னார். கையுறையைக் கழற்றினார். ஹுல்டாவின் கையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கையில் புதிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை.

"காத்து இல்ல" என்றார். "லாங்குத், எனக்கு அஞ்சு குழாய். அதோட இந்த மாதிரி ஒரு கட்டையும் குடுங்க. கட்டை இல்லாம குழாய் வேண்டாம்."

மற்றவர்கள் கையுறையைக் கழற்றவில்லை. அவ்வளவு தூரம் போக அவர்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் எல்லோரும் தங்களுக்கும் ஒரு கட்டை என்று சொல்லிவைத்தார்கள். தெரிந்தவர் ஒருவருக்காக, வீட்டில் உதவியாளருக்காக என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

அடுத்த விலைப்பட்டியலில் 'லாங்குத் சோதனைக் கட்டை, எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு' என்று ஒரு பக்கமே வந்தது. உயிருள்ள கை அட்டையிலிருந்து இறங்கிவிட்டது. லாங்குத்துக்கு ஒரே கவலை.

"இவ்வளவு பேருக்கு எலும்புக்கு எங்க போறது ஹுல்டா?"

"வாங்கறவங்ககிட்டயே கேளுங்க முதலாளி. அவங்ககிட்ட வேண்டிய மட்டும் இருக்கும்."

இருட்டறை ஹுல்டாவுடையதாகவே இருந்தது. தங்கை மகள் வைக்கோல் கொட்டகைக்கும் போகவில்லை, இருட்டறைக்கும் போகவில்லை. தையல்காரியாகி, நீளமான விரல்களோடு எர்ஃபுர்ட் போய்ச் சேர்ந்தாள். இடது கையின் அழிவு மட்டும் நிற்கவில்லை. கதிர் ஒரு முறை குடியேறினால் வாடகைக்காரனைப் போலக் காலி செய்வதில்லை. மிச்ச விரல்கள் போயின, பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை வரை. ஒவ்வொரு முறையும் ஹுல்டா ஜெனாவுக்குப் போய்த் திட்டிவிட்டு வந்தாள். வலது கைக்கு ஒரு கீறல் விழவில்லை.

வயதான பிறகு ஊர்க் கண்ணாடித் தொழில் சங்கம் ஆண்டு விருந்தில் அவளைக் கௌரவிக்கத் தீர்மானித்தது. தலைவர் எழுந்து மிக உருக்கமாகப் பேசினார். "அறிவியலின் பலிபீடத்தில் தம் கரத்தை மனமுவந்து அர்ப்பணித்த அன்னை" என்றார். சிலர் கைக்குட்டையை எடுத்தார்கள்.

பின் வரிசையில் ஹுல்டா எழுந்து நின்றாள்.

"மனமுவந்தும் இல்ல, அர்ப்பணிக்கவும் இல்ல. கேக்காம எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் இந்தக் கையையும் கேட்டாங்க. குடுக்கல. பேசறதுன்னா அதையும் பேசுங்க."

தலைவர் கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்தார். அதில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆகவே அடுத்த பெயருக்குப் போய்விட்டார். ஹுல்டா உட்கார்ந்து, பக்கத்தில் தூங்கி வழிந்துகொண்டிருந்த எவால்டைத் தட்டி எழுப்பி, அவன் கோப்பையிலிருந்த பீரை வலது கையால் எடுத்துக் குடித்தாள்.